பெரியப்பாவின் ஹெரால்டைக் கழற்றிப் பூட்டியது

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பேனட்டைத் திறந்துவிட்டு, முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு டாப்பெட், அதாவது எஞ்சின் வால்வு இடைவெளி, சரிபார்க்கலாம். பெரியப்பா அப்படித்தான் உட்காருவார். வேட்டி மடித்துக் கட்டியிருக்கும், பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி, கையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கொக்கிகளையும் விடுவித்தால் மட்கார்டு, ஹெட்லைட், பேனட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் அத்தனையும் கண்ணெதிரே. பத்து வயதில் பார்த்த அந்தக் காட்சிதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

வண்டி 1964 மாடல், இரண்டு கதவு. தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வைத்திருந்ததை 1971-ல் பெரியப்பா வாங்கினார். மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. 1996 வரை ஓடியது, அப்புறம் தோப்புக் கொட்டகையில் நின்றுவிட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது கொட்டகைமேல் ஒரு தென்னை விழுந்து, தகரக் கூரை வண்டிமேல் படிந்துவிட்டது. முப்பது வருஷத்துத் தோப்பே சாய்ந்து கிடந்த நேரத்தில் வண்டியை யாரும் நினைக்கவில்லை. தார்ப்பாயைப் போட்டு மூடியதோடு சரி.

2022 சித்திரையில் பெரியப்பா மகன் போன் பண்ணினார். "தம்பி, பழைய இரும்புக்காரர் வந்து நிக்கிறார். உனக்கு வேணும்னா சொல்லு, இல்லைன்னா தள்ளி விட்டுடறேன்." "இருங்கண்ணே, நான் வர்றேன்" என்று பைக்கை எடுத்தேன். எனக்குத் தொழில் பம்புசெட் ரிப்பேர். கார் மெக்கானிக் இல்லை. ஆனால் புஷ், பேரிங், ஷாஃப்ட் எல்லாம் தினமும் கையில் புழங்குவது. அந்தத் தைரியம்தான்.

இந்த வண்டிமேல் எனக்கு இவ்வளவு ஆசை வந்ததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. இது ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன். 1950-களில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-ட்ரயம்ஃப் கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே பாடியாக அடித்துத் தர ஆள் இல்லாமல் போனது. அதனால் மற்றவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய வழிக்கே திரும்பினார்கள். கீழே தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம். மேலே பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் அடித்து வாங்கி, போல்ட் போட்டு இறுக்குவது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-ல் ட்ரயம்ஃப் ஹெரால்டு வந்தது. 1961-ல் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இங்கேயே செய்ய ஆரம்பித்தது. 948 சி.சி. எஞ்சின். நம் ஊர்க் குடும்பங்களுக்கு இரண்டு கதவு போதவில்லை என்று அறுபதுகளின் கடைசியில் நாலு கதவிலும் செய்தார்கள்.

அதே சேசிஸைக் குட்டையாக்கி, பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்துவிட்டு, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடியை மிக்கெலோட்டி வரைந்ததுதான் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். மாதிரி வண்டி தயாரான நேரம் கம்பெனி கையில் காசில்லை. தொழிற்சாலை மூலையில் துணி போர்த்தி அது கிடந்தது. 1961-ல் ஸ்டாண்டர்டு-ட்ரயம்ஃபை லேலண்டு நிறுவனம் வாங்கியபோது, என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் அந்தத் துணியை விலக்கிப் பார்த்து, செய்யலாம் என்றார்கள். 1962-ல் வெளிவந்த வண்டி 1980 வரை தயாரானது. எங்கள் தோப்பில் தார்ப்பாயை இழுத்த அன்று எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம்.

பழைய கார் சேர்ப்பவர்கள் ஸ்பிட்ஃபயரை ஆசையாகத் தேடுகிறார்கள், ஹெரால்டைக் கொஞ்சம் குறைவாகத்தான் மதிக்கிறார்கள். எலும்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ரேக், பின் ஆக்சிலின் அமைப்பு எல்லாம் ஒரே வார்ப்பு. ஸ்பிட்ஃபயரில் இருந்தது இதே எஞ்சின் குடும்பத்தின் பெரிய அளவு, இரட்டை கார்புரேட்டருடன். சேசிஸ் விஷயத்தில் ஹெரால்டுக்கு ஒரு படி மேலான வசதிகூட உண்டு. ஸ்பிட்ஃபயரில் பக்கச் சட்டம் இல்லாததால் கதவுக்குக் கீழே இருக்கும் தகடுதான் பாரம் தாங்குகிறது. அது துருவேறினால் வண்டி நடுவில் தொய்யும். ஹெரால்டில் அந்தத் தகடு வெறும் மூடி, பாரம் முழுக்கச் சேசிஸ் மேல்.

ஆகவே முதல் வேலை சேசிஸுக்கு அடியில் படுப்பது. வெளியே பெயின்ட் உரிந்ததையும், எலி வைக்கோல் இழுத்து வந்து சீட்டுக்குள் குடும்பம் நடத்தியதையும் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அதெல்லாம் காசு கொடுத்தால் சரியாகும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சேசிஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். முதுகெலும்பு மாதிரி நடுவே ஓடும் இரட்டைச் சட்டம் 'டங் டங்' என்று கெட்டியாகப் பேசியது. அதிலிருந்து பக்கத்துக்கு நீளும் கைகளில் பின்பக்கத்து இரண்டும் 'சொத்' என்றன. இடதுபக்கத்துக் கைக்குள் ஸ்க்ரூ டிரைவர் பாதிவரை இறங்கிவிட்டது. சம்பா மழை, கொட்டகைத் தரையின் ஈரம், ஐப்பசியில் ஓதம் காக்கும் மண், இருபத்தாறு வருஷம். வேறென்ன எதிர்பார்ப்பது.

அந்த இரண்டு கைகளையும் வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டில் பெட்டியாக மடக்கி வெல்டிங் வைத்தோம். வெட்டுவதற்கு முன்னால் கதவிடுக்குகளை அளந்து சுவரில் எழுதிக்கொண்டேன், சேசிஸை நாலு மூலையிலும் மட்டம் பார்த்து முட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தைச் செலவு செய்யாமல் வெட்டியிருந்தால் கதவு இன்றைக்கு மூடாது.

இனி ட்ரனியன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, பித்தளை நிறத்தில் இருக்கும் ஒரு கட்டைக்குள் திருகி நிற்கும். அந்தக் கட்டைதான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுற்றும். வண்டியின் முன்பாரமும் குழியில் விழும் அடியும் இந்த மரைமேல்தான். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. இதற்குக் கொடுக்க வேண்டியது கியர் ஆயில். கம்பெனிக் கையேடே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கிரீஸ் கன் பொருந்துகிற இடம் என்பதால் பார்ப்பவர் எல்லாரும் கிரீஸைத்தான் அடிப்பார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளாக நாளாகக் கெட்டித்து மெழுகு மாதிரி அடைத்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் தங்கித் தண்டின் மரை துருப்பிடிக்கும். ஒருநாள் முனை முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது நடக்கும். வேகத்தில் நடந்தால் சொல்லவே வேண்டாம்.

எங்கள் வண்டியில் எண்பதுகளிலிருந்தே ஒரு பட்டறையில் சர்வீஸ் விட்டிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் உள்ளே சந்தனக்கட்டி மாதிரி கிரீஸ். வலதுபக்கத் தண்டைக் கையால் திருப்ப முடியவில்லை. இரண்டு நாள் டீசலில் ஊறப்போட்டு, வைஸில் பிடித்து, நீளமான ஸ்பேனரால் கால் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று நகர்த்திக் கழற்றினேன்.

பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகு மரை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பூட்டிவிடலாம் என்று கூடத் தோன்றியது. எங்கள் தெருவில் முப்பது வருஷமாக லேத் போடும் பாய் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, அவசரப்படாதீங்க. மண்ணெண்ணெய்ல போடுங்க" என்றார். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் கிடந்ததை மறுநாள் காலையில் எடுத்து, துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவினார். வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது, வெள்ளைத் தூளின் மேல், மரையின் மூன்றாவது சுற்றில், தலைமுடி மாதிரி ஒரு ஈரக்கோடு. விரிசலுக்குள் நுழைந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து தூளை நனைத்திருக்கிறது. பாதிச் சுற்றளவுக்கு ஓடியது அந்தக் கோடு. பாய் எதுவும் பேசவில்லை, தண்டை என் கையில் கொடுத்தார். அந்தச் சக்கரம் பெரியப்பாவையும் எங்களையும் சுமந்துகொண்டு எத்தனை தடவை வேதாரண்யம் போய்வந்திருக்கும்!

ட்ரனியன் கட்டையை இங்கேயே வார்த்துக் கடைந்துவிடலாமே என்று எனக்கு ஒரு யோசனை. நாச்சியார்கோயில் பக்கம்தானே, உலோகம் உருக்க ஆளா இல்லை. பாய் ஒரே வார்த்தையில் மறுத்தார். குத்துவிளக்கு வார்க்கும் பித்தளை கடைசலுக்கு இணக்கமான உலோகம், அடி தாங்கும் வேலைக்கு அது ஆகாது. பம்புக்குப் போடும் கன்மெட்டலையும் நம்ப முடியாது, வார்ப்பில் உள்ளே குமிழி இருந்தால் வெளியே தெரியாது என்றார். அவர் சொன்னது சரி. அலங்காரப் பொருளை ஊரில் செய்துகொள்ளலாம், உயிர் தொங்கும் பாகத்தைச் செய்யக்கூடாது.

இங்கேதான் ஸ்பிட்ஃபயர் உறவு கைகொடுத்தது. இங்கிலாந்தில் அந்த வண்டிக்கு இன்றும் ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் இருப்பதால் உதிரிப்பாகம் புதிதாகவே கிடைக்கிறது. ட்ரனியன் இரண்டும், ரப்பர் புஷ் முழு செட்டும் அங்கிருந்து வரவழைத்தேன். செங்குத்துத் தண்டு மட்டும் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. வாங்கி வந்ததும் அதே மண்ணெண்ணெய், அதே சாக்பீஸ் தூள். இந்தத் தடவை தூள் வெள்ளையாகவே இருந்தது.

பூட்டும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தண்டை ட்ரனியனுக்குள் கடைசிவரை இறுக்கக்கூடாது. முட்டும்வரை திருகிவிட்டு, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குப் பின்வாங்கி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் முழுத் திருப்பத்தில் அடியில் இடிக்கும், அந்த நெம்பலே தண்டை முறிக்கும். பிறகு டிராக்டருக்கு ஊற்றும் 90 கியர் ஆயிலையே கன்னில் நிரப்பி, மேல் சீலில் கசியும்வரை அடித்தேன். தரையில் நாலு சொட்டு விழும். விழட்டும்.

பின்பக்கத்து வேலை இதைவிட நாளெடுத்தது, பாதி தேவையில்லாமல். ஹெரால்டின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றப் பின்சீட்டைத் தூக்கிவிட்டு வண்டிக்குள்ளிருந்தே நட்டுகளுக்குப் போகலாம். எங்கள் ஸ்பிரிங் தொய்ந்து, சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றன. லாரி வேலை பார்க்கும் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் லாரிக் கணக்கில் வளைவு ஏற்றித் தந்துவிட்டார்கள். பூட்டியதும் வண்டியின் பின்புறம் கோழி வால் மாதிரி தூக்கி நின்றது. பார்க்க ஜம்மென்று இருந்தாலும் அது ஆபத்து. இந்த அமைப்பில் பின்புறம் உயர உயரச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே வாங்கும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிச்சக்கரம் அடியில் மடங்கி வண்டி சுற்றிவிடும். ஸ்பிட்ஃபயருக்கு இருந்த கெட்ட பேரே இதுதான். 1970 வாக்கில் ஸ்பிரிங்கை நடுவில் அசைந்து கொடுக்கும்படி மாற்றிய பிறகுதான் அது அடங்கியது. நான் மறுபடி கழற்றி, அட்டையில் வளைவை வெட்டி எடுத்துக்கொண்டுபோய், கூடவே நின்று தட்டி இறக்கச் சொன்னேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் சக்கரம் நேராக நிற்கிறது. அவ்வளவு போதும்.

எஞ்சினில் எனக்குப் பயம் ஒன்றுதான். இந்தக் குடும்பத்து எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிப்பது பிறை நிலா வடிவத்தில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள், பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் ஒவ்வொன்று. தேய்ந்தால் அவை நழுவி, அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும், அப்புறம் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். இதைக் கண்டுபிடிக்க எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன் புல்லியைப் பார்த்தால் போதும். அண்ணன் மிதித்தார், புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னே வந்தது. டயல் கேஜில் அந்த ஆட்டம் 0.018 அங்குலம். 0.008-க்கு மேல் போகக்கூடாது. சம்ப்பை இறக்கினேன். நல்லவேளை, வாஷர்கள் இடத்திலேயே இருந்தன, தாள் மாதிரி தேய்ந்துபோய். எஞ்சினை வெளியே எடுக்காமலே பின் மெயின் மூடியைக் கழற்றிக் கனம் கூடிய வாஷர்களை உள்ளே தள்ளினேன். காடி வெட்டிய முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது. இப்போது 0.006. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கிளட்ச் சோதனையைச் செய்யுங்கள்.

மற்றபடி எஞ்சினில் ரிங், வால்வு, கேஸ்கெட் என்று வழக்கமான வேலைகள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது என்பதால் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. வயரிங்கை எலி தீர்த்திருந்தது. புதிதாக இழுத்தோம்.

தென்னை விழுந்து நசுங்கிய மேற்கூரைக்கு வருவோம். ஹெரால்டின் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. நாலு பேர் சேர்ந்து தூக்கித் திண்ணையில் கவிழ்த்துப் போட்டோம், டிங்கர் அண்ணன் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்பக்கமிருந்தே தட்டி எடுத்தார். வேறு எந்தக் காராக இருந்தாலும் கூரையை அறுத்து ஒட்டியிருக்க வேண்டும், அல்லது அரை அங்குலத்துக்குப் பட்டி பூசி மறைத்திருக்க வேண்டும். கூரை இல்லாமல் நின்ற மூன்று வாரமும் வண்டி ஸ்பிட்ஃபயர் மாதிரியே இருந்தது. தெருப் பிள்ளைகள் முறை வைத்து ஏறி உட்கார்ந்தார்கள்.

இந்த வண்டியின் தரத்தைப் பற்றிப் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். கதவைச் சாத்தினால் அம்பாசடர் மாதிரி கனத்த சத்தம் வராது, தகடு மெல்லிசு, பல துண்டு சேர்ந்த பாடி என்பதால் குழியில் இறங்கினால் கிலுகிலுக்கும். எல்லாம் உண்மை. ஆனால் ஆறு போல்ட்டைத் தளர்த்தி, சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே ஷிம் என்னும் மெல்லிய தகடு ஒன்றை வைத்தால் கதவிடுக்கு மாறுகிறது. எதையும் உடைக்காமல், எதையும் அறுக்காமல், கடைசித் துண்டுவரை பிரித்து மறுபடி அதே வண்டியாகச் சேர்க்க முடிகிறது. அறுபது வருஷம் கழித்து, மன்னார்குடியில் ஒரு பம்புசெட் மெக்கானிக்கின் கைக்கு அடங்குகிறது. என்னைக் கேட்டால் கட்டுமானத் தரம் என்பது அதுதான்.

போன தையில் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்கள் சேர்ப்பவர், விஷயம் தெரிந்தவர். முதலில் சேசிஸ் எண் தகட்டைப் பார்த்தார், அப்புறம் எஞ்சின் எண், ஆர்.சி. புத்தகம், கண்ணாடி, பழைய ஸ்பீடோமீட்டர். இரண்டு எண்ணும் புத்தகத்தோடு பொருந்தி, முதல் எஞ்சினே இருப்பது அபூர்வம் என்றார். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிப்படி 'வி.ஏ.' எழுத்து போட்ட பதிவு எண் வாங்கலாம், வாங்கினால் மதிப்புக் கூடும் என்றும் சொன்னார். அதற்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்த எண் வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், சர்வீஸ் இதற்கு மட்டும்தான். எனக்கு அது ஒத்துவராது. அவர் சொன்ன விலை நல்ல விலை. கொடுக்கவில்லை.

வெள்ளோட்டம் வடுவூருக்கு. பெரியம்மா முன்சீட்டில், அண்ணனும் பாயும் பின்னால். ஏரிக்கரை வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. திரும்பி வந்து மன்னார்குடி கோயில் மதில் ஓரம் வரும்போது எதிரே வைக்கோல் பாரத்தோடு டிராக்டர். ஒதுங்க இடமில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தேன். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், அந்தக் காலத்திலேயே விளம்பரத்தில் போட்டுச் சொன்ன சங்கதி இது. பின்னே எடுக்காமல், ஒரே வாங்கில், அந்தத் தெருவிலேயே வண்டி திரும்பி நின்றது. டிராக்டர்க்காரர் வாயைப் பிளந்தார். பெரியம்மா, "உங்க பெரியப்பாவும் இங்கதான் இப்படித் திருப்புவாரு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பேனட்டைத் தூக்கி ட்ரனியனைத் தொட்டுப் பார்த்தேன். மேல் சீலில் எண்ணெய் ஈரம் இருந்தது. வலதுபக்கம் பேனட் இடுக்கு மட்டும் கால் அங்குலம் கூடுதலாக நிற்கிறது. கீல் குழாயைத் தளர்த்தி நகர்த்த வேண்டும். குறுவை நடவுக்குப் பம்புசெட் வேலை குவிந்திருப்பதால் அது ஆடிக்குப் பிறகுதான்.